ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் போதாது: பறவைகள் ஏன் கண்ணாடியில் மோதுகின்றன?

அமெரிக்காவின் ஷிகாகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி மெக்கார்மிக் பிளேஸ் என்றொரு மாநாட்டு வளாகம் இருக்கிறது. அதில் ஏரியைப் பார்த்து நிற்கும் லேக்சைடு சென்டர் 1971-இல் திறக்கப்பட்ட கட்டடம். கறுப்பு இரும்புச் சட்டங்களும், அவற்றுக்கு நடுவே நெடுகக் கண்ணாடியுமாக இருக்கும். அந்த ஊரின் வானளாவிய கோபுரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டைதான். 2023 அக்டோபர் 5 காலையில் இந்த ஒரே கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன.

ஆயிரம் என்பது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண் இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எண்ணியது. அந்தக் கட்டடத்துக்கு அருகிலேயே ஃபீல்டு மியூசியம் இருக்கிறது. அங்கே பறவைச் சேகரிப்பைக் கவனித்து வந்து ஓய்வு பெற்றவர் டேவிட் வில்லார்டு. 1978-இல், மெக்கார்மிக் பிளேஸில் பறவைகள் மோதி விழுகின்றன என்று பேச்சுவாக்கில் யாரோ சொல்ல, என்னதான் என்று பார்த்துவரப் போனார். அன்றைக்குக் கிடைத்தது ஒன்றிரண்டுதான். அப்புறம் பறவைகள் கூட்டமாக இடம்பெயரும் வலசைக் காலம் வந்தாலே விடியற்காலையில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வருவது அவருக்கும் மியூசியத்துக்கும் வாடிக்கையாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியதில், அங்கிருந்து மட்டும் 40,000-க்கும் அதிகமான பறவைகள் சேர்ந்தன. சாதாரண நாளில் கிடைப்பது சில பறவைகள். சில நாள் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரே காலையில் ஆயிரம்.

அந்த இரவு நடந்தது இதுதான். அதற்கு முந்தைய சில நாட்கள் தெற்கிலிருந்து சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்காகத் தெற்கே போக வேண்டிய பறவைகளுக்கு அது எதிர்க்காற்று. எனவே கிளம்பாமல் வடக்கேயே தேங்கி நின்றன. காற்று திசை மாறியதும் தேங்கியவை எல்லாம் ஒரே இரவில் கிளம்பின. ஷிகாகோ பக்கம் வந்தபோது மழையும் தாழ்ந்த மேகமும் அவற்றைக் கீழே இறங்கிப் பறக்க வைத்தன. கீழே, ஏரிக்கரையில், விளக்கு எரியும் கண்ணாடிச் சுவர்.

பகலில் நாம் பார்க்கும் கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், பூங்குருவி போன்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை வலசை போவது இரவில்தான். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை அறிகின்றன. செயற்கை வெளிச்சம் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. வானம் மேகமூட்டமாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். வெளிச்சத்தை நோக்கி வந்த பறவை அதை விட்டு விலகத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானை நோக்கிப் பாய்ச்சும் இரட்டை ஒளிக்கற்றைகளை ஆராய்ந்தவர்கள், ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் திசை தடுமாறின என்று 2017-இல் கணக்கிட்டார்கள். அங்கே இப்போது ஆயிரத்துக்கு மேல் பறவைகள் வட்டமடித்தால் விளக்கைச் சுமார் இருபது நிமிடம் அணைத்து விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்து தன் வழியில் போய்விடுகிறது.

எல்லாப் பறவைகளும் ஒரே அளவில் சாவதில்லை என்பதும் வில்லார்டின் கணக்கால் தெரிய வந்தது. இரவில் பறக்கும்போது சின்னதாகக் குரல் கொடுத்து ஒன்றையொன்று தொடர்பில் வைத்துக்கொள்ளும் இனங்கள் உண்டு. மௌனமாகப் பறப்பவையும் உண்டு. ஷிகாகோவிலும் கிளீவ்லேண்டிலும் மோதி இறந்த சுமார் 70,000 பறவைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், குரல் கொடுக்கும் இனங்களே அதிகம் மோதுகின்றன என்று தெரிந்தது. வெளிச்சத்தில் மயங்கிய ஒன்று கத்துகிறது. அது கேட்டு மற்றவையும் இறங்கி வருகின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். இருட்டில் கூட்டமாகப் போக உதவிய பழக்கமே இங்கே ஆபத்தாகிறது.

மெக்கார்மிக் பிளேஸில் எந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது, எதில் எரியவில்லை என்றும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த 21 ஆண்டுக் கணக்கை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு, வெளிச்சம் தெரியும் ஜன்னல் பரப்பை அங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தால் சாவு சுமார் 60 சதவீதம் குறையும் என்றது. திரைச்சீலையை இழுத்து விட்டு, ஆள் இல்லாத கூடத்தில் விளக்கை அணைப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒன்றும் இல்லை. கரன்ட் பில் மிச்சம்.

இதோடு நிறுத்தினால், இது அமெரிக்கப் பெருநகரங்களின் பிரச்சினை, ராத்திரிப் பிரச்சினை என்று தோன்றிவிடும். அப்படியில்லை. வெளிச்சம் பறவையைக் கட்டடத்தின் பக்கம் இழுத்து வருகிறது. கொல்வது கண்ணாடி. அதற்கு இரவும் வேண்டாம், மாநாட்டு மையமும் வேண்டாம்.

2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக மதிப்பிட்டது. இந்தப் பெரிய எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதை எப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். உயர்ந்த கோபுரங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நான்கு முதல் பதினோரு மாடி வரையுள்ள கட்டடங்களில் சுமார் 56 சதவீதம். மூன்று மாடிக்கு உட்பட்ட வீடுகளில் சுமார் 44 சதவீதம். ஒரு வீட்டுக்கு என்று பிரித்தால் ஆண்டுக்கு இரண்டு பறவைதான் வரும். கோபுரத்துக்கு ஏறக்குறைய 24. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்கிறதே.

ஆண்டுக்கு இரண்டு என்பதால்தான் யாருக்கும் தெரிவதில்லை. வருஷத்தில் இரண்டு முறை 'டப்' என்று சத்தம் கேட்டால் யார் என்னவென்று பார்க்கிறார்கள்? கீழே விழுந்ததைப் பூனையோ காகமோ கீரியோ கொண்டுபோய்விடும். சில பறவை விழாமல் தள்ளாடிப் பறந்து, பக்கத்துத் தோட்டத்துப் புதரில் போய்ச் சாகும். மோதியதற்கான அடையாளம் கண்ணாடியில் இருக்கலாம். புறா மோதிய இடத்தைச் சாய்வான வெயிலில் பார்த்தால் தெரியும்: அதன் இறகுகளில் உள்ள மாவு போன்ற தூள் கண்ணாடியில் அப்படியே ஒட்டி, விரிந்த இரண்டு சிறகும் நடுவில் தலையும் மார்பும் வெளிறிய அச்சாகப் பதிந்திருக்கும். சில நேரம் சிறகின் ஒவ்வோர் இறகையும் தனித்தனியே எண்ணலாம். பலர் அதைக் கறை என்று துடைத்துவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு கூர்மையான கண் உள்ள பறவைக்கு எதிரே இருக்கும் கண்ணாடி ஏன் தெரிவதில்லை? நமக்கும் தெரிவதில்லை என்பதுதான் பதில். கட்டட வேலை நடக்கும் இடத்தில் புதுக் கண்ணாடி பொருத்தியதும் அதில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வேலையாட்கள் நேரே போய் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். வங்கிக் கதவில் கண் மட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டையும் அதற்காகவே. நாம் கண்ணாடியைக் காண்பதில்லை. சட்டம், கைப்பிடி, கைரேகை, அழுக்கு, இங்கே கதவு இருக்கும் என்ற அனுபவம், இவற்றை வைத்து ஊகிக்கிறோம். பறவைக்கு அந்த ஊகம் கிடையாது. அதன் உலகில் தெளிவாகத் தெரியும் இடம் என்றால் பறந்து போகக்கூடிய இடம்.

கண்ணாடி இரண்டு விதமாக ஏமாற்றுகிறது. உள்ளே இருட்டு, வெளியே வெயில் என்றால் அது வானத்தையும் மரத்தையும் பிரதிபலிக்கும். பறவை அந்த மரத்தில் போய் உட்கார வருகிறது. இன்னொன்று ஊடுருவித் தெரிவது. கட்டட மூலையில் இரண்டு பக்கமும் கண்ணாடி, இரு கட்டடங்களை இணைக்கும் கண்ணாடி நடைபாதை, பால்கனியின் கண்ணாடித் தடுப்பு, இவற்றிலெல்லாம் மறுபுறம் இருக்கும் வானமோ செடியோ நேராகத் தெரியும். ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்த தொட்டிச் செடியும் இதே வேலையைச் செய்யும். ஒரே ஜன்னல் காலையில் ஒரு விதமாகவும், மாலையில் இன்னொரு விதமாகவும் ஏமாற்றுவது உண்டு. உங்கள் ஜன்னல் எப்படி என்று அறிய வீட்டுக்குள்ளிருந்து பார்த்துப் பயனில்லை. வெளியே போய், பறவை வரும் திசையில் நின்று, காலை ஏழு மணிக்கும் மதியமும் பார்க்க வேண்டும்.

கண் அமைப்பும் ஒரு காரணம். பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி முன்னால் மிகவும் குறுகல். மிகத் துல்லியமாகப் பார்ப்பதும் பக்கவாட்டில்தான். பறவைகளின் பார்வையை நெடுங்காலம் ஆராய்ந்த பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் மார்ட்டின், பறக்கும்போது எதிரே வருவதைக் கவனிப்பதற்காக மட்டும் பறவைக் கண் உருவாகவில்லை என்கிறார். வெட்டவெளியில் எதிரே தடை வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இரையும் எதிரியும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதே அதிகம்.

மோதியதும் கழுத்து முறிந்து செத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பென்சில்வேனியாவில் உள்ள முலன்பர்க் கல்லூரியின் டேனியல் கிளெம் 1970-களிலிருந்து இந்த ஒரு விஷயத்தையே ஆராய்ந்தவர். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்து, பெரும்பாலும் கழுத்து முறிவதில்லை, தலைக்குள் அடிபட்டு மூளையில் ரத்தம் கசிவதே காரணம் என்று காட்டினார். அதனால்தான் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்து எழுந்து பறந்து போன பறவையைப் பிழைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி பருந்து ஸ்டிக்கர். பறக்கும் வல்லூறு வடிவில் ஒரு கறுப்பு ஸ்டிக்கரைக் கண்ணாடி நடுவே ஒட்டினால் சின்னப் பறவைகள் பயந்து விலகும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஏறக்குறைய வீண். அசையாத ஒரு நிழலைப் பறவை வேட்டைப் பறவையாக எண்ணிப் பயப்படுவதில்லை. அந்த இடத்தில் ஏதோ தடை இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தவிர்த்துப் பக்கத்தில் இருக்கும் வெறும் கண்ணாடி வழியே போகப் பார்க்கும். ஸ்டிக்கருக்கு ஒரு சாண் தள்ளி மோதிச் செத்த பறவைகள் எத்தனையோ. கிளெமின் சோதனைகளும் ஒற்றை உருவம் பலன் தருவதில்லை என்றே காட்டின.

வேலை செய்வது உருவம் இல்லை, இடைவெளி. சிறு பறவைகள் அடர்ந்த கிளைகளுக்கு நடுவே புகுந்து பறந்து பழகியவை. உள்ளங்கை அகலச் சந்து இருந்தாலும் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போடும். அந்த அளவுக்கும் கீழே சந்துகளைக் குறைத்துவிட்டால்தான், இங்கே வழி இல்லை என்று திரும்பும். செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே 10 செ.மீ., கிடைக்கோடுகளுக்கு நடுவே 5 செ.மீ. என்பது பழைய விதி. இப்போது எல்லாப் பக்கமும் 5 செ.மீ. என்று சொல்கிறார்கள். ஜன்னல் முழுக்க, புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, விளிம்பு வரை விடாமல் வர வேண்டும். இன்னொன்று, இதை ஒட்ட வேண்டியது வெளிப்பக்கம். உள்பக்கம் ஒட்டினால் வெளிப்பரப்பில் விழும் மரத்தின் பிரதிபலிப்பு புள்ளிகளை மறைத்துவிடும்.

மெக்கார்மிக் பிளேஸில் கடைசியில் இதைத்தான் செய்தார்கள். 2024 கோடையில், வலசைக் காலம் தொடங்குமுன், சுமார் 12 லட்சம் டாலர் செலவில் கண்ணாடிகள் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் சிறு புள்ளிகள் ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பறவைச் சாவு ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் எண்ணிக்கொண்டிருந்த ஒரு விஷயம் மூன்று மாத வேலையில் ஏறக்குறைய தீர்ந்தது. ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டால் நியாயமான பதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் இதைப் பத்தாண்டு முன்பே செய்து காட்டிவிட்டது. 2014-இல் முடிந்த புதுப்பிப்பில், புள்ளி அச்சிட்ட கண்ணாடிகளை மாட்டியதால் அங்கே சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது. வெளியே இருந்து அந்தப் புள்ளிகள் கண்ணுக்கு உறுத்துவதுமில்லை. வெயில் சூடும் உள்ளே குறைகிறது. 2021 முதல் நியூயார்க் நகரில் புதிதாகக் கட்டும் கட்டடங்களின் கீழ் 75 அடிக்குப் பறவைக்கு ஆபத்தில்லாத பொருள்களையே பெரும்பாலும் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மரங்களின் உயரத்தில்தான் மோதல் அதிகம் என்பதால் இந்த 75 அடி.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இப்படி ஆண்டுக்கணக்கில் எண்ணி எழுதி வைத்த கணக்கு இல்லை. ஆனால் பறவைகளும் இருக்கின்றன, கண்ணாடியும் பெருகிக்கொண்டே போகிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது ஆறுமணிக்குருவி. அதுவும் இரவில் வலசை போகும் பறவை. ஒன்பது நிறமும் கொண்டது என்று வடநாட்டில் சொல்லும் அந்தக் குட்டைவால் பறவையைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பதே, வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ களைத்தோ மோதியோ விழுந்து கிடக்கும்போதுதான். மாநிலப் பறவையான மரகதப்புறா இன்னொன்று. மரங்களுக்கு நடுவே தாழ்வாக, நேராக, மிக வேகமாகப் பறக்கும். காட்டை ஒட்டிய விடுதியில் பெரிய கண்ணாடி வைத்தால் முதலில் அடிபடுவது இதுபோன்ற பறவைதான். சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதி விழும் பறவைகளின் கணக்கிலும் மரகதப்புறாவும் ஆறுமணிக்குருவியின் உறவினங்களும் தவறாமல் வருகின்றன.

சின்ன ஊர்களில்கூட ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி வந்துவிட்டது. எதிரே ஒரு வேப்பமரம் இருந்தால், கண்ணாடியிலும் ஒரு வேப்பமரம் தெரியும். வீடுகளில் வெயிலுக்காக ஒட்டும் மினுமினுக்கும் ஃபிலிமும் பிரதிபலிப்பை அதிகமாக்கி நிலைமையை மோசமாக்குகிறது. உள்ளே திரை போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பகல் நேரப் பிரதிபலிப்புக்குத் திரையால் பெரிய பயன் இல்லை.

பழைய மர ஜன்னலில் இந்தத் தொல்லை குறைவு. கண்ணாடி சின்னச் சின்னதாக இருக்கும், பாதி நேரம் கதவு திறந்தே இருக்கும், கம்பி வேறு. இப்போதைய நெடிய யுபிவிசி ஜன்னலுக்கு நம்மிடம் இருக்கும் எளிய மருந்து கொசுவலை. வலை கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிரதிபலிப்பு மங்கிவிடும். மோதினாலும் அடி பலமாக விழாது. உள்பக்கம் இருந்தால் கொசுவுக்கு மட்டும்தான் பயன். ஜன்னல் ஆர்டர் கொடுக்கும்போதே வலையை வெளியே வைக்கச் சொல்லிவிடுங்கள். கிரில்லுக்கும் இதே விதி, அதன் இடைவெளியும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

வலை வேண்டாம் என்றால், ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு கட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் மெல்லிய நைலான் கயிறுகளைத் தொங்கவிடலாம். காற்றில் லேசாக ஆடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பல வீடுகளில் இதைச் செய்கிறார்கள், நன்றாகவே பலன் தருகிறது. வெள்ளை போஸ்டர் கலரால் புள்ளியோ கோடோ போட்டுப் பார்ப்பது இன்னும் மலிவு, மழைக்குப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும். புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் என்று விற்கிறார்கள். நமக்குத் தெரியாது, பறவைக்குத் தெரியும் என்பது அதன் கவர்ச்சி. சிறு பறவைகள் பலவற்றுக்குத் தெரியும் என்பது உண்மை. பருந்துக்கும் காகத்துக்கும் அந்த அலைநீளம் அவ்வளவாகத் தெரியாது. வெயிலில் அதன் திறனும் குறைந்துகொண்டே போகும். நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளியையே நம்பலாம் என்பேன்.

கோடையில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிறோம். கிண்ணம் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். ஒட்டியிருந்தால் பறவை கிளம்பும்போது வேகம் எடுத்திருக்காது, மோதினாலும் பிழைக்கும். ஐந்து மீட்டர் தள்ளி வைப்பதுதான் மோசம். வேகமும் எடுத்திருக்கும், திரும்ப இடமும் இருக்காது.

கார் கண்ணாடியையோ குளியலறைக் கண்ணாடியையோ விடாமல் கொத்தும் சிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், தேன்சிட்டு ஆகியவற்றை இதோடு சேர்க்கக் கூடாது. அது விபத்து இல்லை, சண்டை. இனப்பெருக்கக் காலத்தில் தன் பிம்பத்தை எல்லைக்குள் நுழைந்த போட்டியாளனாக நினைத்துத் தாக்குகிறது. மணிக்கணக்கில் நடந்தாலும் உயிர் போவது அரிது. கண்ணாடியை ஒரு துணியால் சில வாரம் மூடி வைத்தால் போதும்.

மோதி விழுந்த பறவையைக் கண்டால் தண்ணீர் புகட்டாதீர்கள், தலையில் தெளிக்கவும் வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு அது மூச்சுக் குழாயில் போய்விடும். மெதுவாகத் துணியால் எடுத்து, காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வைத்து மூடி, பூனையும் குழந்தைகளும் அண்டாத இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியை வெளியே, மரங்கள் உள்ள பக்கம் கொண்டுபோய்த் திறங்கள். தெளிந்திருந்தால் அதுவே பறந்துவிடும். இரவாகிவிட்டால் விடியும் வரை பெட்டியிலேயே இருக்கட்டும். சிறகு தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, நேரமாகியும் எழவில்லை என்றாலோ, வனத்துறைக்கோ பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். குணமாகும் வரை நாமே வளர்ப்போம் என்று கூண்டு வாங்கிவிடக் கூடாது. காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.